குளிசைப் பெட்டியின் சரித்திரம்

எங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி இருக்கிறது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறைகள். ஒவ்வொரு அறையும் காலை, மத்தியானம், இரவு என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். ஞாயிறு இரவுகளில் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நிரப்புவாள். போன வருடம் ஊரிலிருந்து வந்திருந்த மாமி அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவையும் விழுங்கினால் சோறு எங்கை போறது?" என்று கேட்டா. மாமி பகிடிக்குத்தான் கேட்டா. ஆனால் என்னிடம் உண்மையான பதில் இருந்தது. என் வயிற்றில் சோற்றுக்கு இடமில்லை, அதனால்தான் இந்தக் குளிசைகள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "பிறசருக்கு மாமி" என்று பொய் சொன்னேன்.

இப்போது பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

எனக்கு 45 வயது. பாரிசில் உணவகக் குசினிகளில் 18 வருடங்கள். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். மிச்சச் சாப்பாட்டை நள்ளிரவில் சாப்பிட்டு 128 கிலோ வரை ஏறினேன். அதற்குள் முடக்குவாதமும் வந்து சேர்ந்தது. காலையில் விரல்கள் வெண்டிக்காய் மாதிரி வீங்கி விறைத்து நிற்கும், சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாது. 2019இல் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலை மாற்றித் தைக்கும் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஒன்றரை வருடத்தில் 45 கிலோ குறைந்தது. முழங்கால் நோ பாதிக்கு மேல் போய்விட்டது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் கைவிரல்களின் நோ போகவில்லை. முடக்குவாதம் பாரத்தால் வருவதல்ல, உடம்பின் காவற்படை சொந்த மூட்டையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது.

2021 மார்கழியில் குசினியில் ஆள் குறைவு. விரல்கள் கத்தியைப் பிடிக்க மறுத்தன. கூட வேலை செய்யும் வடமராட்சிப் பெடியன், "அண்ணை, இதைப் போடுங்கோ, பத்து நிமிசத்திலை பறந்திடும்" என்று ஐபுபுறோபின் தந்தான். உண்மையாகவே பறந்தது. பதினொரு நாள் போட்டேன். பன்னிரண்டாம் நாள் கோப்பை கழுவும் மெசினுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தேன். மலம் தார் மாதிரிக் கறுப்பாய்ப் போனதை இரண்டு நாட்களாக மறைத்திருந்தேன். உள்ளே புண் வந்து இரத்தம் போயிருக்கிறது. இந்தக் குளிசை எனக்கு ஆகாது என்று சத்திரசிகிச்சைக்கு முன்பே தாளில் எழுதித் தந்திருந்தார்கள். தாளை நான் வாசிக்கவில்லை. பிழை என்னுடையதுதான்.

கட்டிலில் கிடந்தபோதுதான் வாசிக்கத் தொடங்கினேன். ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்தவன் நான். 2006 ஆகஸ்ட்டில் முகமாலைப் பாதை பூட்டுப்பட்டதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டது. படிக்காமல் விட்ட பாடங்களை என் சொந்தக் குடலை வைத்துப் படிக்க நேர்ந்தது.

முதலில் கத்தியின் கதை. 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிறெமென், லின்னர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிப்போகும் குறுக்குப்பாதை பற்றி எழுதினார்கள். பின்னர் அது உடல் எடை குறைக்கும் வழியாகப் பரவியது. 1960களின் இறுதியில் வழக்கத்துக்கு வந்த முறையில், சிறுகுடலின் தொடக்கத்தில் 14 அங்குலத்தையும் முடிவில் 4 அங்குலத்தையும் இணைத்துவிடுவார்கள். இடையில் கிடந்த ஏறக்குறைய 20 அடிக் குடலுக்கு வேலையில்லை. சாப்பாடு சத்தாக மாறுவதற்கு முன்பே வெளியே போய்விடும். ஆட்கள் மெலிந்தார்கள்தான். கூடவே ஓயாத வயிற்றோட்டம், சிறுநீரகக் கல், ஈரல் பழுது, விற்றமின் பஞ்சம் எல்லாம் வந்தன.

இன்னொன்றும் வந்தது. அதை வாசித்தபோது கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டுகள் வீங்கின, தோலில் கொப்புளங்கள் போட்டன. 1970களில் மருத்துவ ஏடுகள் இதைப் பற்றி எழுதின. வேலையில்லாமல் விடப்பட்ட குடலில் கிருமிகள் பெருகி, அவற்றின் எச்சங்கள் இரத்தத்தில் கலந்து, காவற்படையைக் குழப்பியதே காரணம் என்று கண்டார்கள். பாரத்தைக் குறைக்கப் போன இடத்தில் புதிய மூட்டுவாதத்தை வாங்கி வந்திருக்கிறார்கள் அந்தப் பாவங்கள். பலருக்குத் திரும்ப வெட்டிக் குடலைப் பழையபடி பொருத்தவேண்டி வந்தது. 1980களோடு அந்த முறை கைவிடப்பட்டது.

எனக்குச் செய்தது வேறு பரம்பரை. 1966இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் மேசனும் சிக்காஷி இட்டோவும் தொடங்கியது. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தவர்கள் அதற்குப் பிறகு கொழுப்பதில்லை என்பது மேசனின் கண்ணில் பட்டது. அவர் இரைப்பையின் மேற்பக்கத்தில் சின்னப் பை மாதிரி ஒன்றைப் பிரித்து நேரே குடலில் தைத்தார். 1994இல் சிறு துளைகள் வழியாக இதையே செய்யும் முறை வெளியானபின் உலகமெங்கும் பரவியது. பழைய முறையைவிட இது எவ்வளவோ நல்லது. ஆனால் இரண்டு கடன்களை விட்டுப்போகிறது.

முதற்கடன் அந்தத் தையல். இரைப்பையின் தோல் அமிலத்தைத் தாங்கப் பழகியது. கீழே கொண்டுவந்து தைத்த குடலின் தோல் அப்படிப் பழகவில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் புண் வருவது சுலபம். ஐபுபுறோபினை 1960களில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் உருவாக்கியவர்களில் ஸ்ருவேர்ட் அடம்ஸ் முக்கியமானவர். மொஸ்கோவில் ஒரு கருத்தரங்குக்குப் போனவர், முதல்நாள் குடியால் வந்த தலையிடிக்கு அதைத் தானே 600 மில்லிகிராம் போட்டுப் பார்த்து, வேலை செய்கிறது என்று மகிழ்ந்தார். 1969இல் அது பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது முடக்குவாத நோயாளிகளுக்காகத்தான். 1971இல் ஜோன் வேன் என்ற விஞ்ஞானி அஸ்பிரின் வகை மருந்துகளின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். நோவையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புறொஸ்ரகிளாண்டின் என்ற பொருளை உடம்பு செய்யவிடாமல் இவை தடுக்கின்றன. அதற்காக 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உட்தோலைக் காப்பதும் அதே குடும்பப் பொருள்தான். நோவை அடக்கும் குளிசை காவலையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. வாயால் போடாமல் ஊசியாகப் போட்டாலும் தப்பமுடியாது, இரத்தத்தின் வழியாக வந்து அதே வேலையைச் செய்யும். சிகரெட்டும் அந்தத் தையலுக்கு எதிரி. 22 வருடப் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

இரண்டாவது கடன் விற்றமின்கள். இதன் கதை எங்கள் பக்கத்துச் சொல்லொன்றோடு தொடங்குகிறது. பெரிபெரி என்ற நோயின் பெயர் சிங்களத்திலிருந்து போனது என்று சொல்வார்கள். 'பெரி பெரி' என்றால் ஏலாது, ஏலாது. தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்று கால்கள் செயலிழந்தவர்களின் வாயிலிருந்து வந்த சொல். 1890களில் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் வெள்ளைச் சோறு தின்ற கோழிகளுக்கும் அதே நோய் வருவதைக் கண்டார். தவிடு கொடுத்தபோது கோழிகள் எழும்பி நடந்தன. தவிட்டில் இருந்த பொருள் தயமின், அதாவது பி1. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓயாமல் சத்தி எடுப்பவர்களுக்கு இன்றும் சில வாரங்களிலேயே பெரிபெரி வரலாம். சத்தியைச் சமாளித்துக்கொண்டு வீட்டில் கிடக்கக்கூடாது என்று சொல்வது அதனால்தான்.

பி12இன் கதை வேறு. 1920களின் கடைசியில் பொஸ்ரனில் வில்லியம் காசில் என்ற இளம் வைத்தியர் பச்சை மாட்டிறைச்சியைத் தான் சாப்பிட்டு, கொஞ்ச நேரத்தில் அதை வெளியே எடுத்து, கடும் இரத்தசோகைக்காரருக்குக் குழாயால் ஊட்டினார். அருவருப்பாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. ஆனால் நோயாளிகள் தேறினார்கள். இறைச்சியை மட்டும் கொடுத்தபோது தேறவில்லை. இரைப்பை சுரக்கும் ஏதோ ஒன்று சேர்ந்தால்தான் இறைச்சியிலுள்ள சத்து உடம்பில் சேரும் என்று அதிலிருந்து தெரிந்தது. என்னைப் போன்றவர்களின் இரைப்பையில் பெரும்பகுதியைச் சாப்பாடு தொடுவதே இல்லை. எவ்வளவு ஈரல் தின்றாலும் பி12 போதியளவு சேராது. அதனால் எனக்கு ஊசி.

பி12 படிகமாகப் பிரிக்கப்பட்டது 1948இல். அதன் உள்ளமைப்பை எக்ஸ்கதிரால் கண்டறிய ஒக்ஸ்போர்ட்டில் டொறதி ஹொட்ஜ்கினுக்கும் அவருடைய குழுவுக்கும் ஏறக்குறைய எட்டு வருடங்கள் எடுத்தன. 1964இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் இந்தப் பெயரைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு 24 வயதிலேயே முடக்குவாதம் தொடங்கியது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கைகள் கோணி, எக்ஸ்கதிர்க் கருவியின் சுவிச்சை அழுத்த முடியாமல் போனபோது, நீளமான நெம்புகோல் ஒன்றைச் செய்வித்துப் பொருத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். 1978இல் ஹென்றி மூர் என்ற சிற்பி அவருடைய கைகளை மட்டும் வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்தேன். முட்டி பெருத்து, விரல்கள் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தன. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மனைவி, "என்ன பார்க்கிறியள்?" என்றாள். "சொந்தக்காரர் ஒராள்" என்றேன்.

அடுத்தவர் யெல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஸ்ப்ரூ என்ற, சத்தை உறிஞ்சாமல் குடல் கைவிடும் நோய்க்குத் தமையனைப் பறிகொடுத்தவர். காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்துப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தார். 1923இல் பொஸ்ரனுக்குப் போய், வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் இரவு வேலையாளாக நின்றபடி ஆராய்ச்சி செய்தார். 1945இல் லெடர்லி ஆய்வுகூடத்தில் அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. இரத்தம் ஊறத் தேவையான விற்றமின் அது, ஸ்ப்ரூவில் வரும் இரத்தசோகைக்கும் மருந்தானது. பிறகு அதே குழு போலிக் அமிலத்தைப் போல வேசம்போட்டு அதன் வேலையைத் தடுக்கும் பொருட்களையும் செய்தது. அந்த வரிசையில் வந்ததுதான் மெதொற்றெக்சேற். முதலில் புற்றுநோய்க்கு. 1988இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கும் அனுமதி கிடைத்தது. சுப்பாராவ் அதைக் காணவில்லை. 1948இல், 53 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

என் விரல்களை இன்று ஓரளவு மடங்கவைப்பது அந்த மெதொற்றெக்சேற்தான். கிழமைக்கு ஒரேயொரு நாள். நாள்தோறும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அப்படித் தவறுதலாகப் போட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். வேறொரு நாளில் போலிக் அமிலக் குளிசை. ஒருபக்கம் விற்றமினைத் தடுக்கும் மருந்து, மறுபக்கம் அதே விற்றமின். இரண்டும் ஒரே மனிதரின் ஆய்வுகூடத்திலிருந்து வந்து என் பெட்டியில் பக்கத்துப் பக்கத்து அறையில் கிடக்கின்றன.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. 1940களில் பி12 பஞ்சக்காரருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் நன்றாகியது, நரம்புகள் கெட்டுக்கொண்டே போயின. ஒன்று மற்றதின் பஞ்சத்தை மறைத்துவிட்டது. அதோடு ஈரல் பி12ஐச் சில வருடங்களுக்குச் சேமித்து வைத்திருக்கும். அதனால் விற்றமினை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. கனடாவிலுள்ள என் சிநேகிதன் ஒருவன் இதே சத்திரசிகிச்சை செய்து, "நல்லாய்த்தானே இருக்கிறன்" என்று இரண்டாம் வருடத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினான். நாலாம் வருடம் பாதம் விறைத்தது. கழன்ற செருப்பு தெரியாமல் பனியில் நடந்திருக்கிறான். இப்போது ஊசி போடுகிறான். விறைப்பு முழுதாய்ப் போகவில்லை.

சத்திரசிகிச்சை செய்யப்போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நோவுக்கு நான் பரசிற்றமோல் மட்டும் போடுகிறேன், அதுவும் வைத்தியர் சொன்ன அளவுக்குள். காலையில் வெந்நீரில் கையை வைத்திருக்கிறேன். இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடுவதில்லை, இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுகிறேன். கல்சியம் சிற்றேற் வகை, அது உடம்பில் சேர இரைப்பை அமிலம் பெரிதாகத் தேவையில்லை. இரும்போடு பிளேன்ரீ குடிப்பதில்லை. எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிய தியாகம். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவதில்லை. முக்கியமாக, மூட்டு வைத்தியருக்கு வயிற்றுக் கதையும், வயிற்று வைத்தியருக்கு மூட்டுக் கதையும் தெரியவேண்டும். உங்கள் அளவுகளை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், என்னைப் பார்த்துப் போடாதீர்கள்.

போன மாதம் அதே வடமராட்சிப் பெடியன், இப்போது அவனும் 120 கிலோவைத் தாண்டிவிட்டான், குப்பைத் தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது மெதுவாகக் கேட்டான்: "அண்ணை, வெட்டினால் எல்லாம் சரிதானே? பிறகு பிரச்சினை இல்லைத்தானே?"

நாலு வருடத்துக்கு முன்பு அவன் அன்போடு நீட்டிய குளிசையை வாங்கிப் போட்டபோது, எனக்கு நடந்திருந்த சத்திரசிகிச்சையைப் பற்றி அவனுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. வெட்கம். அந்த வெட்கம் எனக்கு இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றவைத்தது. இந்தமுறை தொட்டிகளை ஓரமாக விட்டுவிட்டு, படியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "வெட்டலாம். எனக்கு நல்லதுதான் செய்தது. ஆனால் வெட்டின நாளிலயிருந்து சாகும்வரைக்கும் குளிசைப் பெட்டி ஒன்று கூடவே வரும். அதுக்குச் சம்மதமெண்டால் வெட்டு."

யோசிக்கிறேன் என்றான். அடுத்த கோடைக்கு மாமி திரும்ப வருகிறா. அவவுக்கும் சொல்லவேண்டும், பிறசர் இல்லை என்று.