கூடத்துக்கு ஏற்ற திரை

சென்னைக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில் அதற்குக் கதவு இருந்தது. மரப்பெட்டிக்குள் திரை. இரு பக்கமும் தள்ளினால் உள்ளே சுருண்டு ஒதுங்கும் மரப்பட்டைக் கதவு. அதற்கு ஒரு பூட்டு, கீழே நான்கு கால்கள். ‘ஷட்டர் டிவி’ என்றார்கள். சாவி வீட்டுப் பெரியவரிடம் இருக்கும். முழுப்பரீட்சை நெருங்கினால் சாவி காணாமல் போய்விடும்.

சென்னை தூர்தர்ஷன் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. டெல்லியில் 1959இலும் பம்பாயில் 1972இலும் வந்துவிட்ட சாதனம் இது. இங்கு வந்தபோதும் நிகழ்ச்சிகள் மாலையில் சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கப் போகிற பொருள், பார்வைக்கு நல்ல மரச்சாமானாகவாவது இருக்க வேண்டாமா? கதவை மூடிவிட்டால் அது ஓர் அலமாரி. மேலே துணி விரித்துப் பூச்சாடி வைக்கலாம். சென்னையில் தயாரான சாலிடேரும் டயனோராவும், ஹைதராபாத்தில் அரசு நிறுவனம் செய்த ஈ.சி. டிவியும் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். எந்தத் திரை நல்ல திரை என்ற கேள்விக்கு அப்போது இடமே இல்லை. எல்லாமே கறுப்பு வெள்ளைப் பிக்சர் டியூப். ஷட்டர் வேண்டுமா, வேண்டாமா? இருந்த தேர்வு ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த டியூப்பின் குணம் கூடத்தின் அமைப்பையே மாற்றியது. பின்பக்கக் கழுத்திலிருந்து புறப்படும் எலக்ட்ரான் கற்றை விரிந்து திரை முழுவதையும் தொட வேண்டும். அது விரிவதற்கு நீளம் தேவை. திரை பெரிதாக ஆக, பெட்டிக்கு முதுகும் நீண்டது. சுவரோடு ஒட்டாது. ஆகவே டிவி மூலைக்குப் போனது. அறையின் மூலையில் சாய்வாக நிறுத்தினால் முதுகு மறையும், முன்னால் தரையில் பத்துப் பேர் உட்கார இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிற்றுக்கிழமை படம் என்றால் பத்துப் பேரோடு நிற்காது, தெருவே வந்துவிடும். திண்ணையில் நின்று ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தவர்களும் உண்டு. வளைந்த கண்ணாடித் திரையில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் ஒரே மாதிரி தெரிந்ததை அப்போது யாரும் ஒரு சிறப்பாக நினைக்கவில்லை. அது இல்லாத திரைகள் வந்த பிறகுதான் அருமை புரிந்தது.

மின்சாரம் இறங்கினால் படமும் நான்கு பக்கமும் சுருங்கும். அதனால் டிவியோடு ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கியே ஆக வேண்டும். மொட்டை மாடியில் ஆண்டெனா, அதைத் திருப்ப ஒருவர், கூடத்திலிருந்து “தெரியுது, தெரியுது... போச்சு!” என்று கத்த இன்னொருவர். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. 1980களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

வண்ணத்துக்கான ஏக்கத்தைத் தீர்க்க ஒரு குறுக்குவழி இருந்தது. கடைகளில் நிறமேறிய பிளாஸ்டிக் தாள் விற்றார்கள். திரைக்கு முன்னால் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே நீலம், நடுவில் செம்மஞ்சள், கீழே பச்சை. வானமும் வயலும் வரும் காட்சிக்குப் பொருத்தம்தான். செய்தி வாசிப்பவர் வந்தால் நெற்றி நீலமாகவும் மோவாய் பச்சையாகவும் இருக்கும். முழுக்க நீலமான தாளும் உண்டு, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சொல்லி விற்றார்கள். தமிழ் வீடுகள் பார்த்த முதல் ‘கலர் டிவி’ பெரும்பாலும் இதுதான்.

உண்மையான கலர் 1982 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியிலிருந்து வந்தது. அந்த நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஏழை நாட்டுக்கு எதற்கு வண்ணம் என்ற எதிர்ப்பை மீறி, தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் வசந்த் சாத்தே கலருக்காக வாதாடினார். தமிழகத்தின் தென்கோடியில் இருந்தவர்களுக்கோ டெல்லியும் தூரம், சென்னையும் தூரம். இலங்கைதான் பக்கம். அங்கே ரூபவாகினி தொலைக்காட்சி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. டெல்லி வண்ணத்துக்கு மாறுவதற்கு ஆறு மாதம் முன்பே அது வண்ணத்தில் ஒளிபரப்பியது. 2,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த பீதுருதாலகால மலையில் அதன் கோபுரம் நின்றது. கடலுக்கு மேல் தடை ஏதும் இல்லை. இரு நாடுகளிலும் ஒரே ‘பால்’ வண்ண ஒளிபரப்பு முறை. ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமெல்லாம் உயரமான கம்பங்களில் ஆண்டெனாவும் பூஸ்டரும் இலங்கையைப் பார்த்து நின்றன. தூர்தர்ஷனின் கொடைக்கானல் கோபுரம் 1980களின் பிற்பகுதியில் வரும்வரை தென்மாவட்டங்களில் பலருக்கு டிவி என்றால் ரூபவாகினிதான். சிங்களச் செய்தியைக்கூட முழுதாக உட்கார்ந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். படம் தெளிவாகத் தெரிகிறதே, அணைக்க மனம் வருமா?

கலர் டியூப் வந்ததும் தேர்வு சற்றே விரிந்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிறவர்கள் கொண்டுவந்த பெட்டி, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய பெட்டி, உள்ளூர் நிறுவனத்தின் பெட்டி. 14 அங்குலமா, 20 அங்குலமா என்ற கேள்வியை வீட்டுக்காரரின் மாதச் சம்பளம் தீர்த்து வைத்தது. 1978இல் தொடங்கிய வசந்த் அண்ட் கோ போன்ற கடைகள் பரப்பிய தவணை முறையும் கைகொடுத்தது. சோனியின் டிரினிட்ரான் 1968இலேயே வந்த தொழில்நுட்பம். டியூப்புக்குள் துளைகள் கொண்ட தகட்டுக்குப் பதிலாக நெடுக்குக் கம்பிகள் இருந்ததால் படம் பளிச்சென்று இருந்தது. அதன் திரை மேலிருந்து கீழாக வளையாது. வீட்டில் அது இருந்தால் வெளிநாட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரு அறிந்துகொண்டது. பின்னாளில் ‘ஃபிளாட்’ என்று 29 அங்குல டியூப் வந்தது. முகம்தான் தட்டை, முதுகு பழையபடிதான். 40 கிலோவுக்கு மேல் எடை. மாடிப்படியில் அதைத் தூக்கிச் சென்ற இருவருக்குத்தான் அதன் உண்மையான அளவு தெரியும்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பிறகு பெட்டிக்கு ஓய்வு என்பதே இல்லாமல் போனது. ஷட்டர் மறைந்தது, ரிமோட் வந்தது. பூட்டுச் சாவிக்கு இருந்த அதிகாரம் ரிமோட்டுக்கு மாறியது.

அளவைப் பற்றிய குடும்பத்தின் முடிவை அரசே எடுத்த காலமும் ஒன்று உண்டு. 2006 தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாக வாக்குறுதி அளித்தது. வெற்றி பெற்றதும் அந்தச் செப்டம்பரில், அண்ணா பிறந்தநாளில், திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குல டியூப் டிவி. ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல் வழங்கப்பட்டதாகக் கணக்கு. உலகம் தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு மாநிலம் தன் வீடுகளை டியூப்பால் நிரப்பியது. இதைக் கேலி செய்வது எளிது. எட்டுக்குப் பத்து அடி வீட்டில் 14 அங்குலம் போதும், பழுதானால் எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் திறந்து பார்ப்பார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். திட்டம் உச்ச நீதிமன்றம்வரை போனது. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலை 5 அன்று வந்த தீர்ப்பு, இத்தகைய வாக்குறுதியைச் சட்டப்படி தேர்தல் ஊழல் என்று கொள்ள முடியாது என்றது. தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்திடமும் சொன்னது.

அதே ஆண்டுகளில் பெரிய கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்மாவா, எல்.சி.டி.யா?

இரண்டுமே தொலைக்காட்சிக்காகப் பிறந்தவை அல்ல. பிளாஸ்மா 1964இல் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கணினி வழியே பாடம் நடத்தும் ‘பிளேட்டோ’ திட்டத்துக்காக உருவானது. ஆரஞ்சு நிறத்தில் எழுத்து மின்னும் திரை அது. எல்.சி.டி.யின் பூர்வீகம் இன்னும் விசித்திரம். 1888இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அதிலிருந்து செய்த பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டு திகைத்தார். திரவமும் இல்லை, படிகமும் இல்லை. அந்த இரண்டுங்கெட்டான் பொருள் 1973இல் ஷார்ப் நிறுவனத்தின் கால்குலேட்டருக்குள் புகுந்து, பிறகு மெல்லத் திரையாக வளர்ந்தது.

பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு ஆழமாக இருக்கும். எந்தக் கோணத்திலிருந்தும் நிறம் மாறாது. எல்.சி.டி. தானாக ஒளிராது. பின்னால் எரியும் விளக்கின் ஒளியை விட்டும் தடுத்தும் படம் காட்டும் ஜன்னல் அது. பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் அக்காலத்து எல்.சி.டி. வெளிறிப்போகும். சுவரில் உயரமாக மாட்டிவிட்டு, பாட்டி தரையில் சுவரோரம் சாய்ந்து பார்க்கும் வீட்டில் இது சிறிய குறை அல்ல. கண்ணை மட்டும் கேட்டிருந்தால், கூட்டமாகப் பார்க்கும் தமிழ்க் கூடம் பிளாஸ்மாவைத்தான் எடுத்திருக்கும்.

தோற்றது பிளாஸ்மாதான். முதல் காரணம் டியூப்லைட். கடையில் வரிசையாக எரிந்த வெள்ளை விளக்குகளுக்குக் கீழே அதன் கண்ணாடி பளபளத்தது, படம் மங்கியது. பக்கத்தில் எல்.சி.டி. கண்ணைப் பறித்தது. வாங்க வந்தவர் ஐந்து நிமிடம்தான் பார்ப்பார், அந்த ஐந்து நிமிடமும் வெளிச்சத்தில். வீட்டிலும் அதே கதைதான். ஜன்னலும் வாசல் கதவும் திறந்து கிடக்கும் கூடத்தில், பகல் சீரியல் பார்க்கிறவர்களுக்கு ஆழமான கறுப்பால் என்ன பயன்?

இரண்டாவது காரணம் மின்வெட்டு. 2008க்குப் பின் சில ஆண்டுகள், குறிப்பாக 2012இல், தமிழ்நாடு பட்ட பாட்டை மறந்திருக்க முடியாது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. 42 அங்குல பிளாஸ்மா 200 வாட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டு ஃபேன், ஒரு விளக்கோடு அதையும் ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். பேனசோனிக் 2013 இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங்கும் எல்.ஜி.யும் அடுத்த ஆண்டு விலகின. உலகச் சந்தையின் கணக்கு வேறு, பெரியது. ஆனால் இங்கே அந்த முடிவு இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே எழுதியிருந்தது.

‘எல்.இ.டி. டிவி’ என்று இன்று எல்லோரும் சொல்வது தனித் திரை வகை இல்லை. அது எல்.சி.டி.யேதான். பின்னால் இருந்த மெல்லிய குழல்விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளை வைத்தார்கள். 1990களில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. கைகூடியிராவிட்டால் அந்த வெள்ளை ஒளியும் இல்லை. அதற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. கடைக்காரருக்கு இந்த வரலாறு தேவைப்படவில்லை. “இது எல்.சி.டி. சார், பழசு. அது எல்.இ.டி., புதுசு” என்றால் போதுமானதாக இருந்தது.

பிளாஸ்மாவின் வாரிசு என்று ஓ.எல்.இ.டி.யைச் சொல்லலாம். 1987இல் கோடக் ஆய்வகத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் வெளியிட்ட கண்டுபிடிப்பு, 2013இல் எல்.ஜி.யின் 55 அங்குலத் திரையாகக் கடைக்கு வந்தது. இதிலும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அணைந்தால் முழுக் கறுப்பு. மூதாதையின் நோயும் கூடவே வந்திருக்கிறது. அசையாத படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடலாம். காலை முதல் இரவுவரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீடுகளில், மூலையில் நிற்கும் சின்னமும் கீழே கிடக்கும் ‘பிரேக்கிங்’ பட்டையும்தான் அதற்கு எமன்.

அளவைப் பின்னாளில் வரியும் கொஞ்சம் தீர்மானித்தது. 2019 ஜனவரி முதல் 32 அங்குலம்வரை 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 28. ஆறரை ஆண்டுகளுக்கு மேல் நின்ற அந்த வேலி 2025 செப்டம்பர் 22 அன்றுதான் விலகியது, இப்போது எல்லா அளவுக்கும் 18. அதற்குள் 32 என்பது ‘சாதாரண வீட்டு டிவி’யின் மறுபெயராகவே ஆகியிருந்தது.

இன்று 43ஐயோ 55ஐயோ வாங்கி வருகிறவர்கள், 1990களில் கட்டிய வீடு என்றால், ஒரு தடையைச் சந்திக்கிறார்கள். அப்போது கூடத்துச் சுவரில் ஷோகேஸ் கட்டுவது வழக்கம். நடுவே 21 அங்குல டியூப் டிவிக்கென்று அளவெடுத்து, முதுகு உள்ளே போகும்படி இரண்டடி ஆழத்தில் ஒரு பொந்து. புதுத் திரை அதற்குள் நுழையாது. பொந்தை இடிக்கவும் மனம் வராது. அதன் வாயை அடைத்தாற்போல் திரையை முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் இருட்டில் செட்டாப் பாக்ஸ், மோடம், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த பழைய ஸ்டெபிலைசர்.