உடைந்த மணிக்கட்டும் வைட்டமின் சியும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு சத்திரப்பட்டியைத் தெரியாமல் இருக்காது. காயத்துக்குச் சுற்றும் கட்டுத்துணி நெய்கிற ஊர். கட்டைப் பிரித்த பிறகும் விடாத ஒரு வலியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

வழுக்கி விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு உடையும். எலும்பு கூடிவிடும். ஆனால் சிலருக்குக் கை வீங்கி, தோலின் நிறம் மாறி, தொட்டாலே எரிகிற வலி மாதக்கணக்கில் நிற்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டவர்களிடம் இந்த எரிச்சலைக் கண்ட மிட்செல், 1864ல் அதை எழுதி வைத்தார். 1900ல் ஜெர்மனியின் சூடெக், இத்தகைய கைகளில் எலும்பு மெலிவதை விவரித்தார். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

இதில் வைட்டமின் சி எங்கே வந்தது? அது குறைந்தால் ஸ்கர்வி வரும், ஆறிய புண்ணும் திறக்கும். நம் குன்னூரில் 1918ல் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் (இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) இந்திய உணவுகளை அளந்து பார்த்தபோது, நெல்லிக்காயில் இந்தச் சத்து கொட்டிக் கிடப்பது தெரிந்தது. ஹிசார் பஞ்சத்தில் (1939-40) ஸ்கர்விக்கு நெல்லிக்காயே மருந்தானது.

அடிபட்ட இடத்தில் உருவாகும் தீய மூலக்கூறுகளை வைட்டமின் சி அடக்கும் என்ற எண்ணத்தில், நெதர்லாந்தின் சோலிங்கர் 1999ல் ஒரு சோதனையை வெளியிட்டார். மணிக்கட்டு உடைந்த 123 பேரில் ஒரு பாதிக்கு தினம் 500 மில்லிகிராம், 50 நாள். மறுபாதிக்கு வெறும் மாத்திரை. தீராத வலி வந்தது முறையே 7, 22 சதவீத முறிவுகளில்! 2007ல் 416 பேரிடமும் இதே போக்கு: 2.4, 10.1 சதவீதம். உலகெங்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் 2014ல் எடின்பரோவில் 336 பேரிடம் செய்த சோதனையில் எந்தப் பலனும் தெரியவில்லை. பின்வந்த தொகுப்பாய்வுகளும் ஒத்துப்போகவில்லை. இந்த வலியை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. வீக்கம், நிறம், வலியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கணக்கு மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நண்பர்களே, மாத்திரை வழக்கு இன்னும் முடியவில்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கேட்காமல் விழுங்கவும் கூடாது. ஆனால் நெதர்லாந்தின் இரண்டு சோதனைகளும் இன்னொன்றையும் சொல்லின: மாவுக்கட்டு போட்டிருக்கும்போதே வலிக்கிறது என்றவர்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வந்தது. நம் வீடுகளில் அப்படிச் சொல்பவரிடம் "கட்டுன்னா அப்படித்தான், பொறுத்துக்கோ" என்போம். இனி அப்படிச் சொல்லாமல், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.