அடுப்பும் புகைக்கூடும்

அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு அடுப்புக்கு எழுதப்படவில்லை. மன்னர் உண்ட கலங்களை நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பேணுகிறோம். அக்கலங்களை நிறைத்த கைகள் நாள்தோறும் எவ்வளவு புகையினூடே உழைத்தன என்பதை எந்தச் சாசனமும் கூறுவதில்லை. எரிவாயு வந்தபின் விறகடுப்பு நகரத்தை விட்டு நீங்கிவிட்டது என்றே படித்த வட்டாரங்கள் கருதியிருந்தன. 2022ஆம் ஆண்டு அந்த எண்ணத்தைக் கலைத்தது.

களனி கங்கைக்கு வடக்கே, வத்தளையை ஒட்டிக் கிடக்கும் ஹெந்தளையின் அயலிலேயே, கெரவலப்பிட்டியில், நாட்டின் பெரிய எரிவாயுக் களஞ்சியம் அமைந்துள்ளது. அதன் அண்டையில் வாழ்ந்த மக்களும் அவ்வாண்டு வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்து வெயிலிற் காத்து நின்றார்கள். 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலையைக் கொடுக்க வல்லவருக்கும் அது கிடைக்கவில்லை. டொலர் இன்மையால் எரிவாயுக் கப்பல்கள் சரக்கை இறக்காது கடலிற் காத்து நின்றன. மண்ணெண்ணெய்க்கும் அதே வரிசைதான். ஆகவே விறகு திரும்பி வந்தது.

விறகு வந்தது, அடுப்புக்கு வீட்டில் இடம் இருக்கவில்லை. மாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டடியிலும், இரு சுவர்களுக்கு இடைப்பட்ட சந்திலும், தாழ்ந்த அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழும் மூன்று கற்கள் கூட்டப்பட்டன. பல வீடுகளில் பழைய எரிவாயு அடுப்பின் அருகிலேயே, வெறுமையான சிலிண்டருக்குப் பக்கத்தில் தீ மூட்டப்பட்டது. வெறுமையானது என நாம் சொல்லும் சிலிண்டரில் எஞ்சிய வாயு இருக்கும். அது காற்றிலும் கனமானது. கசிந்தால் மேலெழாது தரையோடு படர்ந்து தீயைத் தேடிச் செல்லும். இத்தகைய ஆபத்துகளுக்கெல்லாம் மக்களின் கவனக்குறைவே காரணம் எனச் சொல்லிவிடுவது எளிது. அதை நாம் ஏற்பதற்கில்லை. வீட்டைக் கட்டியவர்கள் அடுப்பை நினைக்காதபோது, சமைப்பவள் எந்த மூலையிற் கவனமாக இருப்பாள்?

நம் முன்னோரின் அடுப்பும் புகைந்ததுதான். ஆயினும் அன்றைய வீடு புகையை அறிந்திருந்தது. கிடுகு வேய்ந்த கூரையின் இடுக்குகளினூடே புகை வெளியேறியது. செல்லும் வழியில் ஓலையை அரிக்கும் பூச்சிகளையும் அகற்றியது. அடுப்புக்கு மேலிருந்த பரணில் விதைகள் உலர்ந்தன. கண் எரிந்தது உண்மை. அதைப் பொற்காலம் என்று பாடுவதற்கு நாம் முற்படவில்லை. ஆனால் ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் அஸ்பெஸ்டஸ் தகடும் கொங்கிறீற்றுத் தட்டும் வந்தன. கூரை முழுவதும் அடைபட்டது. அடுப்பு மட்டும் மூன்று கற்களாகவே நின்றது.

குசினி என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் நமக்குத் தந்தனர். பாணும், அதைச் சுடும் போறணையும் அவர்கள் வழி வந்தவையே. போறணைக்குப் புகைக்கூடு வைத்தார்கள், ஏனெனில் அது வியாபாரம். வீட்டுக் குசினிக்கு அந்தக் கொடுப்பினை வாய்த்தது வசதி படைத்தோரிடையே மட்டுமே. இதனை மலையகத்திற் காண்பது போல் வேறெங்கும் காண்பதற்கில்லை. துரையின் பங்களாவிற் குளிர்காய்வதற்கென்றே கணப்படுப்பும், கூரைக்கு மேலே நிமிர்ந்த புகைக்கூடும் இருந்தன. சற்றுக் கீழே, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில், ஒரு குடும்பம் உண்டு உறங்கிய அதே நான்கு சுவருக்குள் அல்லது அதன் முன்வாசலில் அடுப்பு எரிந்தது. புகை போவதற்கு வாசலன்றி வழியில்லை.

மேலை நாட்டிலும் புகைக்கூட்டின் கதை வர்க்கத்தின் கதையே. 1666இல் ஒரு வெதுப்பகத்தில் தொடங்கிய தீ இலண்டனைச் சாம்பலாக்கிய பின்னரே, வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டவேண்டும் என்ற சட்டம் அங்கு உறுதியாயிற்று. புகைக்கூடுகள் பெருகின. அவற்றுள் படியும் கரியைச் சுரண்டுவதற்கு ஏழைச் சிறுவர்கள் உள்ளே ஏற்றப்பட்டனர். அச்சிறுவர்களுக்குப் பின்னாளில் வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று பேர்சிவல் பொட் என்ற வைத்தியர் 1775இல் எழுதினார். சிறுவரை ஏற்றும் வழக்கம் ஒழிவதற்கு 1875ஆம் ஆண்டுச் சட்டம் வரை, சரியாக ஒரு நூற்றாண்டு சென்றது.

1796இல் றம்போர்ட் பிரபு புகைக்கூட்டின் இயல்பை விளக்கினார். சூடான புகை இலேசானது. அது மேலேறும்போது கீழிருந்து புதுக்காற்றை இழுக்கிறது. கணப்படுப்பின் தொண்டை அகன்றிருந்தால் குளிர்காற்றும் கலந்து அந்த இழுவை தளரும். ஆகவே அதை ஒடுக்கினார். இழுவை குன்றினால் புகை அறைக்குள் மீளும். அதனுடன் நிறமோ மணமோ அற்ற காபனோரொட்சைட்டும் மீளும். கரியடுப்பைப் பூட்டிய அறைக்குள் வைத்து உறங்குவோரைக் கொல்வது இதுவே. பச்சை விறகு எரிந்தால் இன்னொரு கேடு: குழாயின் உட்சுவரில் தார் படிந்து, ஒருநாள் குழாயே தீப்பற்றும். அவசரத்தில் வெட்டி அவசரத்தில் விற்கப்படும் இறப்பர் விறகைப் பல வாரம் உலர்த்தாமல் எரித்தலாகாது என்பது இதனாற்றான்.

நம் பக்கத்திலும் இதைச் சிந்தித்தவர்கள் உண்டு. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தின் எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கானோருக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என வாதாடி 1953இல் சிறுநூலொன்று வெளியிட்டார். அவருடைய அடுப்பு புகைபோக்கி உடையது. 1983இல் இந்திய அரசு தொடங்கிய திட்டம் 2002இல் முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை வழங்கியது. வெடித்த மண்ணைப் பூசவும் அடைத்த குழாயைத் துடைக்கவும் ஏற்பாடு இன்மையால் அவற்றுட் பல பயனற்றுக் கிடந்தன. எண்ணிக்கையைக் காட்டினால் அறிக்கை நிறைந்துவிடுகிறது! இலங்கையில் 1980களிற் குயவர்கள் வனைந்த ‘அனகி’ அடுப்பு நல்ல முயற்சி. ஒரு தீயில் இரு பானை வேகும்; விறகு மிச்சமாகும்; புகையும் குறையும். ஆனால் அதற்குப் புகைக்கூடு இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதும் நாட்டின் முக்காற் பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகையே நம்பியிருந்தன. வீட்டுப்புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

ஹெந்தளையில் ஒரு குடும்பம் இன்று அடுப்பை முறையாக அமைக்க விரும்பினால் என் செய்யவேண்டும்? அடித்தளம் செங்கல்லாலோ சீமெந்தாலோ ஆகி, வாய்ப்புறம் சற்று நீண்டிருத்தல் வேண்டும். சிதறும் கங்கு பலகையில் விழலாகாது. சிலிண்டர் அந்த இடத்திலேயே இருத்தலாகாது. அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகள், காப்பற்ற அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 36 அங்குலம், ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு 18 அங்குலம் கேட்கின்றன. குழாய் கூரையைக் கடக்குமிடத்திற் கைமரத்தைத் தொடலாகாது. அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுத்துத் துளையிட்டால் நுரையீரலைக் கெடுக்கும் தூசு பறக்கும். ஆதலால் குழாயைச் சுவர் வழியே வெளியேற்றி உயர்த்துதல் நன்று. சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் ஆறவிடல் வேண்டும்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் செய்து முடிக்கலாம். அடுத்த விதிதான் இடறுகிறது. புகைக்கூட்டின் வாய், கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து மூன்று அடி உயர்ந்து, பத்து அடிச் சுற்றளவில் உள்ள எதனையும் விட இரண்டு அடி மேலோங்கி நிற்கவேண்டும். சில பேர்ச் காணியில் நெருங்கி நிற்கும் ஒழுங்கை வீடுகளில், பத்து அடிக்குள் அயலவரின் மேன்மாடி யன்னல் இருக்கிறது. நம் புகை அவர்கள் குழந்தையின் படுக்கைக்குப் போகும். ஆகவே புகைக்கூடு, ஒழுங்கை முழுவதும் கூடிப் பேசவேண்டிய பொருள். நகரசபையும் பிரதேச சபையும் கட்டட வரைபடத்தை அங்கீகரிக்கும்போது கேட்கவேண்டிய பொருள். வாடகைக்கு இருப்போரின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. சுவரில் ஆணி அறைவதற்கே வீட்டுக்காரரின் அனுமதியை நாடி நிற்பவர்கள், ஆறு அங்குலக் குழாய்க்கு அச்சுவரைத் துளைப்பது எவ்வாறு? குழாய்க்கான செலவு வீட்டுக்காரருடையதா, குடியிருப்பவருடையதா?