தெற்கு ஆஸ்திரேலியா 2016: காற்று நின்றதால் வந்த இருட்டு அல்ல

காற்றாலை, சூரிய மின்சாரம் என்று பேச்சை எடுத்தாலே யாராவது ஒருத்தர் "காத்து நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் காற்றாலைகளைப் பெரிதாக நம்பிய ஒரு மாநிலம் மொத்தமாக இருண்ட அன்று, காற்று நிற்கவில்லை. புயல் அடித்துக்கொண்டிருந்தது.

2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியா. கடைசி நிலக்கரி மின்நிலையத்தை அந்த வருடம் மே மாதம்தான் மூடியிருந்தார்கள். அன்று பிற்பகல் மாநிலத்தின் தேவை சுமார் 1,826 மெகாவாட். அதில் 883 காற்றாலை, 613 பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து, மீதி 330 எரிவாயு.

சுழற்காற்றில் 23 மின்கோபுரங்கள் சேதமாயின. இரண்டே நிமிடத்தில் மின்னழுத்தம் ஆறு தடவை சரிந்து எழுந்தது. ஒவ்வொரு சரிவையும் தனியாகத் தாங்கும் திறன் டர்பைன்களுக்கு உண்டு. ஆனால் பல டர்பைன்களின் கன்ட்ரோல் சாப்ட்வேரில் இன்னொரு வரம்பும் இருந்தது: குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை தடவைக்கு மேல் சரிந்தால் உற்பத்தியைக் குறை. நம்ம ப்ரோகிராம்களில் வைக்கிற ரீட்ரை லிமிட் மாதிரிதான். டர்பைனைக் காப்பாற்ற வைத்த எண் அது. கிரிட்டை நிர்வகிக்கும் அமைப்புக்கோ அப்படி ஒரு வரம்பு இருப்பதே தெரியாது.

ஓடிக்கொண்டிருந்த 13 காற்றாலைப் பண்ணைகளில் 9 தாக்குப்பிடிக்கவில்லை. 7 நொடிக்குள் 456 மெகாவாட் போச்சு. அந்தப் பள்ளத்தை நிரப்ப விக்டோரியாவிலிருந்து மின்சாரம் பாய்ந்தது. அளவுக்கு மீறிய சுமையால் ஹேவுட் இணைப்பும் தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. இப்படி நேரும்போது சில பகுதிகளை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைக் காப்பாற்ற ஒரு தானியங்கி ஏற்பாடு உண்டு. அலைவெண் விழுந்த வேகத்தில் அது வேலை செய்ய நேரமே இல்லை. மாலை 4:18-க்கு சுமார் 8.5 லட்சம் இணைப்புகள் இருண்டன. மின்நிலையங்களை மறுபடி உயிர்ப்பிக்க ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த இரண்டு ஜெனரேட்டர் நிலையங்களும் சமயத்தில் கைவிட்டன!

பிரதமர் டர்ன்புல் மாநிலங்களின் புதுப்பிக்கத்தக்க மின்சார இலக்குகளைக் குறை சொன்னார். மாநில அரசு புயலைக் கைகாட்டியது. இரண்டுமே பாதி உண்மைகூட இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கோபுரங்கள் விழுந்தது புயலால்தான். ஆனால் மாநிலமே விழுந்தது, தன்னளவில் சரியாக இருந்த பாதுகாப்புகள் ஒன்றையொன்று அறியாமல் வேலை செய்ததால்.

அதன்பின் செய்த வேலைகள்தான் முக்கியம். காற்றாலைகளின் அந்த வரம்பை மாற்றினார்கள். 2017 டிசம்பரில் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் டெஸ்லா பேட்டரி வந்தது. "100 நாளில் முடிக்காவிட்டால் இலவசம்" என்ற எலான் மஸ்க்கின் சவாலால் எல்லோருக்கும் அது தெரியும். பெரிதாகப் பேசப்படாதவை 2021-ல் இயங்கத் தொடங்கிய நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்கள். இவை மின்சாரம் தயாரிக்காது; கனமான சக்கரத்தோடு சுழன்றுகொண்டே இருக்கும். அலைவெண் சட்டென்று விழாமல் இழுத்துப் பிடிக்கும். பழைய அனல்மின் நிலையங்களின் ராட்சத டர்பைன்கள் இந்த வேலையை யாரும் கேட்காமலே, காசு வாங்காமலே செய்துகொண்டிருந்தன. அவற்றை மூடும்போது இதையும் சேர்த்து மூடுகிறோம் என்பது கணக்கில் வரவேண்டும்.

பலன் கிடைத்ததா? 2020 ஜனவரி 31-ல் விக்டோரியாவில் கோபுரங்கள் விழுந்து, தெற்கு ஆஸ்திரேலியா இரண்டு வாரத்துக்கும் மேல் தனித்தீவாக ஓடியது. 2022 நவம்பரில் மறுபடி ஒரு வாரம். இரண்டு தடவையும் மாநிலம் மொத்தமாக இருளவில்லை. ஆனால் 2022-ல் பிரச்சினை தலைகீழ்: வீட்டுக் கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரம் அதிகமாகி, அதில் ஒரு பகுதியைத் தூரத்திலிருந்தே நிறுத்த வேண்டியதாயிற்று.

அதனால் இனி யாராவது "காத்து நின்னா?" என்று கேட்டால், கூடவே இதையும் கேட்கச் சொல்லுங்கள்: கிரிட்டில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என்ன எண் எழுதியிருக்கிறது என்று நிர்வகிப்பவருக்குத் தெரியுமா?