கடற்கன்னியின் கிரீடம்

கிரீடம் சூடி மேடையில் நிற்பது வேறு, அதே கிரீடத்தோடு தண்ணீரில் பாய்வது வேறு. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. நீந்தும் வேகம் இரண்டு மடங்கானால், தலையில் இருப்பதைத் தண்ணீர் பிடித்து இழுக்கும் விசை நான்கு மடங்காகும். கடற்கன்னி வேடம் கட்டிய பெண்களும் அவர்களுக்குத் தலை அலங்காரம் செய்தவர்களும் நூறாண்டுக்கு மேலாக இந்த விசையோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். வால் செய்த கதையை எழுதப் பலர் உண்டு. தலையின் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை.

சிட்னியில் பிறந்த ஆனெட் கெல்லர்மன், சிறுவயதில் கால்கள் வலுவிழந்திருந்ததால் நீச்சலுக்கு அனுப்பப்பட்டவர். 1907-ல் நியூயார்க்கின் ஹிப்போட்ரோம் அரங்கில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்திக் காட்டிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். 1911-ல் 'தி மெர்மெய்ட்' குறும்படத்தில் நிஜமாகவே நீந்தக்கூடிய வாலோடு வந்தார். தன் கடற்கன்னி உடைகளை அவரே வடிவமைத்தார். தலைக்கு அவர் காலத்தில் இருந்த வழிகள் எளியவை: கூந்தலை அவிழ்த்துவிடலாம், இல்லையென்றால் துணியை இறுக்கிக் கட்டலாம்.

வண்ணப் படங்கள் வந்ததும் அது போதவில்லை. நீருக்குள்ளிருந்து எழும் நாயகியின் தலையில் ஒரு பூ கூட நகர்ந்திருக்கக் கூடாது என்று ஹாலிவுட் எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பைத் தலையில் சுமந்தவர் எஸ்தர் வில்லியம்ஸ். 1940 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியிருக்க வேண்டியவர்; போர் அதைப் பறித்தது. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் 'அக்வகேட்' நீச்சல் காட்சியில் சேர்ந்தார், பிறகு எம்.ஜி.எம். பட நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. கல்வர் சிட்டி ஸ்டூடியோவின் 30-ஆம் தளத்தில் 90 அடிச் சதுரமான ஆழக் குளம் அவருடைய பணியிடமானது.

அங்கே தலை அலங்காரம் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வெதுவெதுப்பான பேபி ஆயிலையும் வாசலினையும் குழைத்து முடி முழுக்கத் தேய்ப்பார்கள். அதன்மேல் பின்னல், பின்னலோடு சவுரி, அவற்றைப் பிடிக்கக் கொண்டை ஊசிகள், பிறகு பூக்கள். எண்ணெய்ப் பசை முடிக்குள் தண்ணீரைப் புகவிடாது. நம் ஊரில் மணப்பெண்ணுக்குப் பூ ஜடை தைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும்: தலைமேல் வைத்த பூ விழும், பின்னலோடு பின்னலாகிவிட்ட பூ விழாது. ஊசிகள் உச்சந்தலையில் குத்த, அதே தலையோடு அவர் நாள் முழுதும் நீந்த வேண்டியிருந்தது. திரையில் தெரிந்ததோ புன்னகை மட்டுமே.

1952-ல் கெல்லர்மனின் வாழ்க்கையே 'மில்லியன் டாலர் மெர்மெய்ட்' என்ற படமானது, நாயகி எஸ்தர். நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி அமைத்த நீர்க்காட்சிக்காகப் பொன்னிறச் சில்லுகள் பதித்த உடையும், தலைக்கு அலுமினியக் கிரீடமும் தயாராயின. உயரமான மேடையிலிருந்து அவர் குதித்தார். உலோகம் வளைந்து கொடுக்காது என்பது அந்தரத்தில்தான் அவருக்கு உறைத்தது. கிரீடம் நீரில் மோதிய வேகத்தில் தலை பின்னுக்கு மடங்கியது. கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. கைகள் செயலற்றுப்போக, கால்களை மட்டும் உதைத்து மேலே வந்தார். பல மாதங்கள் மாவுக்கட்டில் கிடந்தார். அந்தக் கிரீடம் கழன்று போயிருந்தால் கழுத்து தப்பியிருக்கும். திரைக்கு வேண்டியிருந்தது பொன்னிறம் மட்டுமே, உலோகத்துக்கு அங்கே எந்தத் தேவையும் இருக்கவில்லை. வேடத்தை அணிகிறவரிடம் கேட்காமல் வேடம் செய்யும் பழக்கத்துக்கு இதைவிடக் கொடிய சான்று தேட வேண்டியதில்லை.

புளோரிடாவின் வீக்கி வாச்சி ஊற்றில் வேறு வழி இருந்தது. கடற்படை வீரர்களுக்கு நீச்சல் பயிற்சி அளித்த நியூட்டன் பெர்ரி 1947-ல் அங்கே நீருக்கடியில் ஓர் அரங்கைத் திறந்தார். பெண்கள் காற்றுக்குழாயில் மூச்செடுத்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக ஆடினார்கள். அங்கே அலையும் கூந்தலே அலங்காரமாக நின்றது.

தலை கலையாதிருக்க வேண்டியவர்களுக்கு விடை சமையலறையில் கிடைத்தது. 1930-களின் சிகாகோ உலகக் கண்காட்சியில் கேத்ரின் கர்டிஸின் 'மாடர்ன் மெர்மெய்ட்ஸ்' குழு நீந்தியதிலிருந்து பரவிய கூட்டு நீச்சல், 1984-ல் ஒலிம்பிக்குக்குள் வந்தது. இந்த வீராங்கனைகள் சுவையூட்டாத ஜெலட்டின் பொடியை வெந்நீரில் கரைத்து, கொண்டை போட்ட தலையில் தூரிகையால் பூசுகிறார்கள். காய்ந்ததும் முடி பளபளக்கும் ஓடாக இறுகும். நீச்சல் குளத்தின் தண்ணீர் ஜெலட்டினைக் கரைக்கும் அளவுக்குச் சூடானதல்ல. தலையணியின் அடியில் சிறு வளையங்கள் தைத்திருக்கும். ஊசி அவற்றுக்குள் நுழைந்து கொண்டைக்குள் இறங்கும். போட்டி முடிந்த பிறகு சுடுநீர் ஷவரின் கீழ் நின்று அத்தனையையும் கரைத்தெடுக்க வேண்டும்.

இன்று கடற்கன்னி நீச்சலுக்குத் தலையணி செய்பவர்கள் இந்தப் பாடங்களையெல்லாம் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். அடித்தளம் வலைத்துணி அல்லது தலையை ஒட்டிய தொப்பி. சிப்பியும் நட்சத்திரமீனும் எடை குறைந்த நுரைப்பொருளில் உருவாகின்றன. பசையை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றையும் துளையிட்டுத் தூண்டில் நரம்பால் தைக்கிறார்கள். நெற்றிக்கு மேல் உயரமாக நிற்காமல் அலங்காரம் பின்னோக்கிச் சாய்கிறது, இடைவெளிகளில் தண்ணீர் புகுந்து வெளியேறுகிறது. அணியப்போகிறவரை முதலில் ஆழமில்லாத நீரில் தலையை முக்கி, இருபுறமும் வேகமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள்.