வெலிங்டன் என்று ஒரு ரயில் ஊர்



மகள் வீட்டுக்கு சியாட்டில் வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை மருமகன் ஸ்டீவன்ஸ் கணவாய்ப் பக்கம் காரில் அழைத்துப் போனார். காட்டுப் பாதையில் நடந்தோம். இருபுறமும் உயரமான ஊசியிலை மரங்கள். நடுவே பாசி படிந்த நீண்ட கான்கிரீட் கூரை ஒன்று. "இங்கே ஒரு ஊர் இருந்தது மாமா" என்றார். ஊரின் பெயர் வெலிங்டன். குன்னூர் பக்கத்து வெலிங்டன் இல்லை. இது வாஷிங்டன் மாநிலத்து வெலிங்டன். வீடு திரும்பியும் மனம் ஆறவில்லை. தேடிப் படித்ததை உங்களிடம் சொல்கிறேன்.

கிரேட் நார்தர்ன் ரயில் நிறுவனம் 1893இல் இந்த மலையைத் தாண்டி சியாட்டிலுக்குப் பாதை போட்டது. 1900இல் நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான சுரங்கப்பாதையைத் திறந்தது. அதன் மேற்கு வாயிலில் இருந்தது வெலிங்டன். ஸ்டேஷன், ஓட்டல், என்ஜின் கொட்டகை, தொழிலாளர் குடியிருப்பு, அவ்வளவுதான் ஊர்.

1910 பிப்ரவரி கடைசியில் ஸ்போகேனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் தபால் ரயிலும் இங்கே மாட்டிக்கொண்டன. முன்னும் பின்னும் பனி பாதையை மூடிவிட்டது. நாள் கணக்கில் பனி கொட்டியது. நிலக்கரி தீர்ந்துகொண்டே வந்தது. தந்திக் கம்பிகள் அறுந்தன. பனி வாரும் கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். கிடைக்கவில்லை என்றதும் போய்விட்டார்கள். பயணிகளில் சிலர் துணிந்து நடந்தே மலையிறங்கித் தப்பினார்கள். ரயிலைச் சுரங்கத்துக்குள் நிறுத்தச் சொன்னார்கள் சிலர். உள்ளே புகை சூழும் என்று மறுத்துவிட்டார்கள்.

மார்ச் 1, நள்ளிரவு ஒரு மணிக்கு மேல். இடி, மின்னல், மழை. மலைச்சரிவிலிருந்து பனி மொத்தமாகப் பெயர்ந்து வந்து, இரண்டு ரயில்களையும் சுமார் 150 அடி கீழே ஆற்றுப் பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அதில் பயணிகள் 35 பேர். மற்ற 61 பேரும் அங்கே வேலை பார்த்தவர்கள். கடைசி உடல் ஜூலையில்தான் கிடைத்தது.

வழக்கு நடந்தது. முதலில் நடுவர் குழு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1914இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இது தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரயில்களுக்கு மேலே இருந்த மலைச்சரிவு முன்பே காட்டுத்தீயில் கருகிப் போயிருந்தது. பனியைப் பிடித்து நிறுத்த அங்கே மரம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய வகுப்பறை ஞாபகம் வந்தது. வெள்ளம், புயல், நிலச்சரிவு, பனிச்சரிவு எல்லாவற்றையும் 'இயற்கைச் சீற்றங்கள்' என்ற தலைப்பில் எழுதிப் போடுவேன். ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "மரம் இருந்தா மண்ணு சரியுமா சார்?" என்று கேட்டான். "பாடத்துல இருக்கறதைப் படி" என்று உட்கார வைத்தேன். அந்தப் பையன் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: உன் கேள்விதான் சரிப்பா. பதில் தெரியாததால்தான் அதட்டினேன்.

பனி பெய்தது இயற்கை. மரமில்லாத சரிவின் கீழே ரயிலை நிறுத்தி வைத்ததும், கூலியாட்களைப் போகவிட்டதும் மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

அதே ஆண்டு ஊரின் பெயரை 'டை' என்று மாற்றினார்கள். வெலிங்டன் என்றாலே பயணிகள் பயந்தார்களாம். பாதைக்கு மேல் கான்கிரீட் கூரை கட்டினார்கள். நான் பார்த்தது அதைத்தான். 1929இல் சுமார் 12.5 கிலோமீட்டர் நீளத்தில் புதிய சுரங்கம் திறந்ததும் பழைய பாதைக்கு வேலையில்லை, ஊருக்கும் வேலையில்லை. இன்று தண்டவாளம் இருந்த இடத்தில் மக்கள் நடைபயணம் போகிறார்கள். அன்று இல்லாத மரங்கள் இப்போது நிற்கின்றன.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். பிள்ளை கேள்வி கேட்டால் உட்கார வைக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியலப்பா, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது அதுதான்.

அன்புடன்,
உங்கள் சார்