மின்கலமும் சேதனப் பொருளும்

உலோகத்தின் துணையின்றி மின்கலம் இல்லை என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. 1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ற்றா தமது மின்னடுக்கில் நாகத் தகடுகளை அமைத்தார். 1859இல் பிரான்சிய அறிஞர் பிளாந்தே, மீள மின்னேற்றத்தக்க கலத்தை ஈயத்தினாலேயே ஆக்கினார். காபன் சேர்வைகளாகிய சேதனப் பொருள்களோ பொதுவில் மின்னைக் கடத்தாதவை. ஆதலின் அவற்றை மின்வாயாகக் கொள்ளும் எண்ணம் அரிதாகவே எழுந்தது.

1969இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் சேதன அமிலமொன்றை இலிதியக் கலத்தின் நேர்முனையாக்கினர். ஆனால் அக்கலம் மீள மின்னேற்றத்தக்கதன்று. அயடீன் ஊட்டிய பொலியசற்றலீன் மின்னை நன்கு கடத்தும் என்பதை 1977இல் சிராக்காவா, மக்டயமிட், ஹீகர் ஆகியோர் காட்டினர். இதற்காக அம்மூவருக்கும் 2000ஆம் ஆண்டில் நோபெற் பரிசு கிடைத்தது. 1980களில் பொலியனிலீன் கொண்ட சிறு பொத்தான் கலங்கள் யப்பானில் விற்பனைக்கும் வந்தன.

எனினும் வெற்றி அசேதனப் பொருளுக்கே வாய்த்தது. 1980இல் ஒட்சுபோட்டில் குடினப் குழுவினர் இலிதியம் கோபாற்று ஒட்சைட்டின் தகுதியைக் கண்டனர். 1985இல் யோசினோ அதனைக் காபன் மின்வாயுடன் இணைத்தார். 1991இல் சோனி நிறுவனம் அவ்வகைக் கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. சேதன மின்வாய்களோ மூன்று குறைகளாற் பின்தங்கின: அவை மின்னைக் குறைவாகக் கடத்தின, அடர்த்தி குறைந்தமையால் மிக்க இடத்தைக் கொண்டன, மின்பகுபொருளிற் கரைந்தும் போயின.

ஆனால் வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. உலகின் கோபாற்றிற் பெரும்பகுதி கொங்கோ நாட்டிலேயே அகழப்படுகின்றது. அங்குள்ள கைத்தொழிற் சுரங்கங்கள் சிலவற்றிற் சிறுவரும் உழைக்கின்றனர் என்ற உண்மை உலகின் மனச்சான்றைத் தொட்டது. கைவிடப்பட்ட பொருளை அறிஞர் மீண்டும் நாடலாயினர்.

2002இல் யப்பானின் என்.ஈ.சி. ஆய்வாளர் சேதனத் தனிமூலிகப் பல்பகுதியத்தால் மின்வாய் அமைத்தனர். 2008இல் பிரான்சின் அமியன் நகர அறிஞர், தாவரத்திலிருந்து பெறத்தக்க இனோசிற்றோலை மூலமாகக் கொண்டு இன்னொன்றை ஆக்கினர். 2012இல் அமெரிக்க ஆய்வாளர் பர்ப்பூரினை மின்வாயாக்கினர். இஃது ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆடைக்குச் செந்நிறம் ஊட்டிய, மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலுள்ள சாயம். 1826இல் கொலின், ரொபிக்கே என்போர் பிரித்தெடுத்தது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அகழப்பட்ட சாயவேரின் நிறப்பொருளான அலிசரின் இதன் நெருங்கிய உறவு.

இத்தகைய சாயங்கள் மின்னைச் சேமிப்பது எவ்வாறு? இவற்றின் மூலக்கூறில் காபனோடு இரட்டைப் பிணைப்புற்ற ஒட்சிசன் அணுக்கள் உள. அவை இலத்திரனை ஏற்கும்போது இலிதியம் அயனையும் பற்றிக்கொள்கின்றன; மின்னேற்றும்போது இரண்டையும் விடுக்கின்றன. இவ்வினைக்குக் கோபாற்று வேண்டியதில்லை. இலிதியம் மட்டும் இன்னும் வேண்டும்.

கரையும் குறையை நீக்க, மூலக்கூறுகளைப் பல்பகுதியமாகப் பிணைத்தல், உப்பாக மாற்றுதல் முதலிய வழிகள் கையாளப்பட்டன. 2024இல் மசாச்சுசெட்சு தொழினுட்ப நிறுவகத்தார் அறிவித்த குவினோன் வகைப் பொருளொன்று, எளிதிற் கரையாததும் மின்னைக் கடத்துவதுமாய் அமைந்தது.

கோபாற்றின் ஆட்சி இதனால் முடிந்துவிடவில்லை. ஆயினும் இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. எது மிகுந்த ஆற்றலைத் தரும் என்று மட்டும் வினவிய காலம் சேதனப் பொருளை ஒதுக்கியது. அவ்வாற்றல் எவருடைய உழைப்பால், எந்த மண்ணிலிருந்து வருகின்றது என்றும் வினவிய காலம் அதனை மீள அழைத்தது.